இரண்டு மில்லிமீட்டர் தூரம்: ரைஃபிள் இலக்குச் சுடுதலில் சீர்மை எவ்வாறு உருவாகிறது?

ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் மாநகர மையத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது டண்டினொங். கிரேட்டர் டண்டினொங் நகராட்சியில் வாழ்வோரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். இலங்கையிலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் அடங்கும். இதே நகராட்சிக்கு உட்பட்ட ஸ்பிரிங்வேல் பகுதியில், ஆஸ்திரேலிய விளையாட்டுத் துப்பாக்கி சுடுவோர் சங்கத்தின் சுடுதளம் ஒன்று இயங்கிவருகிறது.

போரைக் கண்டு வெளியேறிய ஒருவருக்குத் துப்பாக்கி என்ற சொல் தரும் நினைவு வேறு; ஆஸ்திரேலியாவில் வளரும் அவரது பிள்ளைக்கு அச்சொல் தரும் பொருள் வேறு. பிள்ளை இலக்குச் சுடுதலைக் கற்க விரும்பினால் பெற்றோர் தயங்குவதில் வியப்பில்லை. அந்த விளையாட்டில் உண்மையில் கற்பிக்கப்படுவது என்ன என்பதை அறிந்துகொள்வது, அத்தகைய குடும்பங்கள் தெளிவான முடிவொன்றை எடுக்க உதவும்.

இலக்கின் நடுப்புள்ளியைத் துளைப்பதே இவ்விளையாட்டின் சாரம் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால், சற்றுப் பயிற்சி பெற்ற எவரும் எப்போதாவது ஒருமுறை நடுப்புள்ளியைத் தொட்டுவிட முடியும். அதே செயலை அறுபது முறை, மாற்றமின்றி, திரும்பச் செய்வதுதான் கடினம். பதக்கம் பெறுபவரையும் பெறாதவரையும் பிரிப்பது இந்தச் சீர்மைதான்.

கடலூரில் பிறந்த வீராங்கனையின் அனுபவம்

இதற்கு அண்மைக்காலச் சான்று, தமிழ்நாட்டின் கடலூரில் 1999ஆம் ஆண்டு பிறந்து குஜராத்தின் அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன். 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகள் பிரான்ஸின் சாட்டரூ நகரில் நடைபெற்றன. மகளிருக்கான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்றில் ஒவ்வொருவரும் பத்துப் பத்தாக ஆறு தொடர்களில் 60 முறை சுட வேண்டும். ஒரு சுடுதலுக்கு அதிகபட்சம் 10.9 புள்ளிகள். முதல் எட்டு இடங்களைப் பெறுபவர்கள் இறுதிச் சுற்றுக்குச் செல்வார்கள்.

முதல் ஐந்து தொடர்களில் இளவேனில் பெற்றவை மொத்தம் 526.9 புள்ளிகள். அதாவது தொடருக்குச் சராசரியாக 105.4 புள்ளிகள். ஆறாவது தொடரில் அவருக்குக் கிடைத்தவை 103.8 மட்டுமே. 630.7 புள்ளிகளுடன் அவர் பத்தாவது இடத்தில் நின்றார். 631.5 புள்ளிகள் பெற்ற மற்றொரு இந்திய வீராங்கனை ரமிதா ஜிந்தால், ஐந்தாவது இடத்தைப் பிடித்து இறுதிச் சுற்றில் நுழைந்தார்.

இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு 0.8 புள்ளி. ஏர் ரைஃபிள் இலக்கில் ஒரு வளையத்திற்கும் அடுத்த வளையத்திற்கும் உள்ள இடைவெளி 2.5 மில்லிமீட்டர். ஆகவே 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். அறுபது குண்டுகளின் விலகலையும் கூட்டிப் பார்த்தால், இருவரையும் பிரித்தது மொத்தம் இரண்டு மில்லிமீட்டர் மட்டுமே. முதல் ஐந்து தொடர்களின் சராசரியை ஆறாவதிலும் இளவேனில் தக்கவைத்திருந்தால், அவர் ரமிதாவை முந்தியிருப்பார். அவர் இழந்தது, ஒரு குண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சீர்மை.

முதலில் கொத்து, பிறகு மையம்

புதிதாகப் பயில்பவரிடம் பயிற்சியாளர்கள் முதலில் எதிர்பார்ப்பது மையத்தை அல்ல. ஐந்து அல்லது பத்துக் குண்டுகள் தாளில் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதையே அவர்கள் பார்க்கிறார்கள். குண்டுத் துளைகள் மையத்திலிருந்து விலகியிருந்தாலும் ஓரிடத்தில் கொத்தாக இருக்குமானால் கவலைப்பட வேண்டியதில்லை. குறிபார்க்கும் கருவியின் திருகைச் சில கணுக்கள் திருப்பினால் அந்தக் கொத்து முழுவதும் மையத்திற்கு நகர்ந்துவிடும்.

மாறாக, ஒரு துளை மையத்திலும் மற்றவை நான்கு திசைகளிலும் சிதறியிருந்தால், எந்தத் திருகைத் திருப்பியும் பயனில்லை. தவறு சுடுபவரின் நிலையிலோ, விசையை அழுத்தும் முறையிலோ, குண்டிலோ இருக்கிறது. ஒரே ஒரு குண்டைப் பார்த்துவிட்டு உடனே திருகைத் திருப்புவது தொடக்கநிலையில் பலரும் செய்யும் தவறு. தற்செயலான ஒரு விலகலைத் துரத்திச் சென்று, சரியாக இருந்த அமைப்பையும் அவர்கள் குலைத்துவிடுகிறார்கள்.

தசை அல்ல, எலும்பு

நின்ற நிலையில் சுடும்போது, ஐந்தரை கிலோ வரை எடையுள்ள ரைஃபிளைக் கைத்தசையின் வலுவால் தாங்க முயன்றால் சில நிமிடங்களில் நடுக்கம் தொடங்கிவிடும். எனவே வலக்கைப் பழக்கமுடைய வீரர்கள் இடது முழங்கையை இடுப்பெலும்பின் மீதோ விலாப்புறத்திலோ ஊன்றி, எடை எலும்புகளின் வழியே தரைக்கு இறங்குமாறு உடலை அமைத்துக்கொள்கிறார்கள். தசை சோர்வடையும், எலும்பு சோர்வடையாது. தடித்த துணியாலும் தோலாலும் ஆன விறைப்பான மேலங்கியும் தட்டையான அடிப்பகுதி கொண்ட காலணியும் இந்த நிலைக்குத் துணைபுரிகின்றன. அவற்றின் தடிப்புக்கும் விறைப்புக்கும் சர்வதேசக் கூட்டமைப்பு வரம்புகளை வகுத்துள்ளது.

அடுத்தது, உடல் தானாக எங்கே குறிவைக்கிறது என்பதைக் கண்டறிதல். குறிபார்த்த நிலையில் கண்களை மூடி, இரண்டு மூன்று முறை மூச்சுவிட்டு, தசைகளைத் தளர்த்திய பின் கண்களைத் திறக்க வேண்டும். ரைஃபிள் இலக்கின் இடப்புறம் நகர்ந்திருந்தால் கையால் அதை வலப்புறம் தள்ளக் கூடாது. பாதத்தைச் சற்று நகர்த்த வேண்டும். கையால் தள்ளித் திருத்தினால், விசை இயங்கும் கணத்தில் தசை தன் பழைய இடத்திற்கே திரும்ப முயலும். தாளில் காணும் விளக்கமில்லாத விலகல்கள் பலவற்றுக்கும் மூலகாரணம் இதுவே.

மூச்சும் விசையும்

மூச்சை உள்ளிழுக்கும்போது மார்பு உயர்கிறது. ரைஃபிளின் முனையும் அசைகிறது. மூச்சை வெளியேற்றிய பின், அடுத்த மூச்சு தொடங்குமுன் இயல்பாகவே ஒரு சிறு ஓய்வு ஏற்படுகிறது. அந்த ஓய்வைச் சில விநாடிகள் நீட்டித்து அதற்குள் சுட்டுவிட வேண்டும். நீண்ட நேரம் மூச்சை அடக்கினால் கண்ணின் கூர்மை குறையும், நடுக்கமும் கூடும். அத்தகைய வேளையில் ரைஃபிளைத் தாழ்த்திவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதே முறை. சுடாமல் விடத் தெரிவதும் இக்கலையின் ஒரு பகுதி.

விசையைச் சட்டென்று இழுக்காமல், விரலின் அழுத்தத்தை நேர்ப் பின்னோக்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். விசை இயங்கிய பிறகும் குண்டு குழலைவிட்டு வெளியேறச் சில மில்லி விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில் ரைஃபிள் அசைந்தால் குண்டும் விலகும். முன்பக்கக் குறிக்கும் பின்பக்கக் குறிக்கும் இடையே 80 சென்டிமீட்டர் இருக்கும் ஒரு ரைஃபிளில், அவற்றின் நேர்கோடு 0.2 மில்லிமீட்டர் பிசகினால் பத்து மீட்டர் தொலைவில் ஒரு முழு வளையம் தவறிவிடும். அதனால்தான் சுட்ட பின்னரும் ஓரிரு விநாடிகள் அதே நிலையில் நின்று, குறி எங்கே இருந்தது என்பதைக் கவனிக்கப் பழக்குகிறார்கள். இலக்கைப் பார்ப்பதற்கு முன்பே குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று சுடுபவர் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் சொன்னதும் இலக்கு காட்டுவதும் ஒத்திருந்தால், தம் தவறைத் தாமே காணும் நிலையை அவர் எட்டிவிட்டார் என்று பொருள்.

இதயத் துடிப்புகூட இங்கு ஒரு காரணி. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்துகள், சுடும் போட்டிகளில் ஊக்கமருந்தாகக் கருதப்பட்டுத் தடைசெய்யப்பட்டுள்ளன. வேகம் கூட்டும் மருந்துகளுக்கு உள்ள தடையை அனைவரும் அறிவர். அமைதி கூட்டும் மருந்துக்குத் தடை உள்ள விளையாட்டுகள் மிகச் சிலவே.

கருவியும் சூழலும்

ஐம்பது மீட்டர் போட்டிகளில் பயன்படும் பாயின்ட் 22 தோட்டாக்கள், ஒரே நிறுவனத் தயாரிப்பாயினும் தொகுதிக்குத் தொகுதி நுட்பமாக வேறுபடுகின்றன. தேர்ந்த வீரர்கள் தமது ரைஃபிளை ஒரு பிடிமானத்தில் பொருத்தி, பல தொகுதிகளைச் சோதித்து, நெருக்கமான கொத்தைத் தரும் தொகுதியையே மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். திறந்தவெளியில் காற்றும் குண்டைத் தள்ளும். சுடுதளத்தின் கொடிகளைப் பார்த்து, காற்று ஒரே அளவில் வீசும்போது மட்டும் சுடுவது எளிதில் கற்கக்கூடிய சீர்மை.

காலடியில் உள்ள தரைகூட முடிவை மாற்றக்கூடும். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் தகுதிச் சுற்றில் மூன்றாவதாக வந்த இந்தியாவின் அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றில் ஏழாம் இடத்திற்குச் சரிந்தார். தாம் நின்ற இடத்தின் தரை ஓடு தளர்ந்திருந்ததே காரணம் என்று பின்னர் அறிந்ததாக அவர் தமது தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார். அதன் பின், எதிர்பாராத சூழல்களையும் தமது பயிற்சியில் சேர்த்துக்கொண்டார். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்து வீரர் ஹென்ரி ஹாக்கினனுடன் சமநிலையில் இருந்த பிந்த்ரா 10.8 புள்ளிகள் பெற்றார். ஹாக்கினனுக்குக் கிடைத்தவை 9.7. இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் அவ்வாறு கிடைத்தது.

மெல்பேர்னுக்கும் இந்திய ரைஃபிள் சுடுதலின் வரலாற்றில் இடமுண்டு. சென்னையில் பிறந்த ககன் நாரங், 2006ஆம் ஆண்டு இந்நகரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளில் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலமும் பெற்றார்.

சட்டமும் ஒழுங்கும்

1996ஆம் ஆண்டு ஏப்ரலில் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவர் 35 பேரைச் சுட்டுக்கொன்றதைத் தொடர்ந்து, ஆஸ்திரேலியாவின் துப்பாக்கிச் சட்டங்கள் கடுமையாக்கப்பட்டன. உரிமம் பெற விரும்புபவர் தக்க காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு அத்தகைய காரணமாக ஏற்கப்படுவதில்லை. இலக்குச் சுடுதலைக் காரணமாகக் காட்டுபவர், அங்கீகரிக்கப்பட்ட சங்கத்தில் உறுப்பினராக இருப்பது அவசியம். துப்பாக்கிகள் பதிவு செய்யப்பட வேண்டும். பயன்படுத்தாத வேளையில் பூட்டி வைக்கப்பட வேண்டும். ஏர் ரைஃபிளும் இதற்கு விதிவிலக்கல்ல.

தயங்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒற்றுமை ஒன்று இங்கே உள்ளது. சுடுதளத்தில் ஒருவர் முதலில் கற்பது குறிபார்ப்பதை அல்ல. குழலின் முனையை எப்போதும் பாதுகாப்பான திசையில் வைப்பதையும், கட்டளை வரும்வரை விசையில் விரல் வைக்காதிருப்பதையும், நிறுத்தச் சொன்னவுடன் ஆயுதத்தைக் கீழே வைத்து விலகி நிற்பதையும்தான். ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் செய்வது என்பதே பாதுகாப்புக்கும் அடிப்படை, சீர்மைக்கும் அடிப்படை. இந்த ஒழுங்கு, பிள்ளையை அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்விக்குத் தானாகப் பதிலாகிவிடாது. துப்பாக்கியோடு பிணைந்த கசப்பான நினைவுகள் உள்ள ஒரு வீட்டில், அம்முடிவு அவ்வீட்டாருக்கே உரியது.

சாட்டரூவில் இரண்டு மில்லிமீட்டரில் வாய்ப்பை இழந்த இளவேனில், 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் கஜகஸ்தானின் ஷிம்கென்ட் நகரில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியில் 253.6 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். இறுதிச் சுற்றில் சுட வேண்டியவை 24 குண்டுகள். அவரது சராசரி, குண்டுக்கு 10.5 புள்ளிகளுக்குச் சற்று மேல். சாட்டரூவின் முதல் ஐந்து தொடர்களில் அவர் எட்டியிருந்த சராசரியும் ஏறத்தாழ அதுவே. ஷிம்கென்டில் அந்த அளவு கடைசிக் குண்டுவரை நிலைத்தது.