சைக்கிள்காரர் இறங்கும் இடத்தில் யார் கடை?



பொழுதுபோக்காக சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்றே பல நாடுகளில் தனிப் பாதை போடுகிறார்கள். அதில் லாரி, கார் வராது. காடு, வயல், ஆற்றங்கரை என்று நாள் கணக்கில் ஓட்டிக்கொண்டு போகலாம். “வேலை வெட்டி இல்லாதவங்க சைக்கிள் ஓட்டினா நமக்கென்ன மதினி?” என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தப் பாதைகளால் பிழைத்துக்கொண்ட ஊர்கள் இருக்கின்றன. பாதை வந்தும் பலன் இல்லாத ஊர்களும் இருக்கின்றன. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துகொண்டால், வேம்பார் பக்கத்துக் குழுக்களுக்கு அது உதவும்.

சைக்கிளுக்கும் வருமானத்துக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. விளைந்த பொருளைத் தாங்களே பல ஊருக்குக் கொண்டுபோய் விற்றார்கள். அங்கே நாம் சைக்கிளில் ஏறிப் போய்ச் சம்பாதித்தோம். இப்போது பேசுவது, சைக்கிளில் வருகிறவரிடம் சம்பாதிப்பது பற்றி.

ரயில் நின்ற ஊரில் சைக்கிள் வந்தது

நியூசிலாந்து நாட்டில் ஒடாகோ என்று ஒரு பகுதி. ஆடு வளர்ப்பும் பழத் தோட்டமும்தான் தொழில். சின்னச் சின்ன ஊர்கள். அவற்றை இணைத்த ரயில் 1990இல் நின்றுபோனது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு, அந்தத் தடத்தையே சைக்கிள் பாதையாக மாற்றினார்கள். 2000ஆம் ஆண்டில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 150 கிலோமீட்டர்.

காரில் போனால் இந்தத் தூரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும். வழியில் உள்ள ஊர்கள் கண்ணிலேயே படாது. சைக்கிளில் போகிறவருக்கு மூன்று நாளிலிருந்து ஐந்து நாள் ஆகிறது. அத்தனை நாளும் அவர் சாப்பிட வேண்டும், ராத்திரி தங்க வேண்டும், டயர் பஞ்சரானால் ஒட்ட வேண்டும். சைக்கிளில் அதிகச் சாமானும் கொண்டுவர முடியாது. எனவே பாதை ஓரத்து ஊர்களில் தங்கும் அறை, சாப்பாட்டுக் கடை, வாடகை சைக்கிள், பை தூக்கிச் செல்லும் வண்டி என்று தொழில்கள் வந்தன. விவசாயக் குடும்பங்களும் தங்கள் இடத்தில் அறை ஒதுக்கி வாடகைக்கு விட்டன.

இதில் உள்ள சூத்திரம் ஒன்றுதான். வேகமாகப் போகிறவர் பணத்தைப் பெரிய ஊரில் செலவழிக்கிறார். மெதுவாகப் போகிறவர் சின்ன ஊரில் செலவழிக்கிறார். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பாருங்கள். கார் நிற்காத இடத்திலெல்லாம் அவர்கள் நிற்கிறார்கள்.

பாதை மட்டும் போதாது

நம் நாட்டில் உத்தரப்பிரதேசத்தில் இட்டாவாவிலிருந்து ஆக்ரா வரை 207 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டார்கள். 2016 நவம்பரில் திறந்தார்கள். பிற்பாடு பல இடங்களில் பராமரிப்பு இல்லாமல் அது சேதமானதாகப் பத்திரிகைகள் எழுதின. சிமெண்டும் கல்லும் போட்டால் பாதை வந்துவிடும். ஆனால் தண்ணீர், நிழல், கழிப்பறை, சாப்பாடு, படுக்க இடம் இல்லாவிட்டால் ஆள் வராது. ஆள் வராத பாதையை யாரும் பராமரிப்பதும் இல்லை.

தேயிலை மலை சொல்லும் பாடம்

இலங்கை மலையகத்தில் சமீப ஆண்டுகளில் ‘பெக்கோ டிரெயில்’ என்று ஒரு பாதை உருவாகியிருக்கிறது. இது முக்கியமாக நடந்து போகிறவர்களுக்கானது. கண்டியிலிருந்து நுவரெலியா வரை தேயிலைத் தோட்டங்கள் வழியாக 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதிகளாகப் போகிறது. அங்கே கொழுந்து பறிப்பவர்கள் நம் தமிழ்ச் சனங்கள்தான். நம் தென்மாவட்டங்களிலிருந்தும் தூத்துக்குடி, மண்டபம் வழியாகக் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்.

வெளிநாட்டுக்காரர் அவர்கள் வாசல் வழியாகவே நடந்து போகிறார். ஆனால் லயத்து வீடு பெரும்பாலும் அவர்கள் பெயரில் இல்லை, தோட்டத்துக்குச் சொந்தம். ஒடாகோ விவசாயி தன் வீட்டில் ஓர் அறையை விருந்தாளிக்குக் கொடுத்துவிடலாம். லயத்தில் இருக்கிற அக்கா அப்படிச் செய்ய முடியுமா? வருகிறவர் இறங்கும் இடம் யாருக்குச் சொந்தமோ, பணமும் அவருக்குத்தான் சேருகிறது. பாதை பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இதுதான்.

நம் கடற்கரையிலும் இது நடந்ததுதான். முத்துக்குளிப்புக் காலத்தில் ஊர் கொள்ளாத கூட்டம் வந்தது. மூச்சடக்கி மூழ்கியவர் நம்மவர். முத்தை வாங்கி விற்றுப் பெரிய லாபம் பார்த்தவர் வெளியூர் வியாபாரி. தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பிறகு அந்தக் குளிப்பும் இல்லை.

வேம்பாருக்கு என்ன இருக்கிறது?

நமக்கென்று தனி சைக்கிள் பாதை கிடையாது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. தூத்துக்குடியிலிருந்து வேம்பார் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காலையில் அங்கே சைக்கிள் எடுக்கிறவருக்குப் பசிக்கிற நேரம் நம்ம ஊரில்தான் வரும். எதிரே கடலில் இருக்கும் தீவுகள் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. அங்கே இறங்க அனுமதி இல்லை. ஆகவே வருகிறவர் ஊருக்குள்தான் சுற்றுவார், ஊருக்குள்தான் வாங்குவார்.

எதை விற்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஒரு பேச்சுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை 20 பேர் வந்து ஆளுக்கு 150 ரூபாய் செலவழித்தால் 3,000 ரூபாய். அவர்கள் பாட்டில் தண்ணீரும் கம்பெனி பிஸ்கட்டும் வாங்கினால் நமக்கு நிற்பது சின்னக் கமிஷன்தான். மீதி அன்றைக்கே ஊரை விட்டுப் போய்விடும். அதே காசுக்கு மீன் குழம்புச் சோறு, கருப்பட்டிக் காப்பி, ஓலைக் கொட்டானில் கருப்பட்டி என்று வாங்கினால் மீன் பிடித்தவர், பனை ஏறியவர், கருப்பட்டி காய்ச்சியவர், ஓலை முடைந்தவர் என்று நாலு வீட்டுக்கு அது பிரியும்.

காலமும் பார்க்க வேண்டும். பதநீர் கோடையில்தான் கிடைக்கும். நீண்ட தூரம் ஓட்டுகிறவர்கள் வெயில் தணிந்த மார்கழி, தை, மாசியில் வருவார்கள். தையில் பனங்கிழங்கு உண்டு. கருப்பட்டியை ஈரம் படாமல் வைத்தால் அப்போதும் விற்கலாம்.

எச்சரிக்கையும் வேண்டும்

ஆள் வரத் தொடங்கினால் ரோட்டோர நிலத்துக்கு விலை ஏறும். அவசரப்பட்டு விற்றவர், பிறகு அதே இடத்தில் கூலிக்குப் பாத்திரம் கழுவ நேரிடும். மீன் காயப்போடும் இடமும் வலை உலர்த்தும் இடமும் கைவிட்டுப் போகக் கூடாது. சைக்கிள்காரர் வருவார் என்று நம்பிப் பெரிய கடனும் வாங்க வேண்டாம். சாலையில் இப்போதே போகிற யாத்திரிகர்களையும் வண்டிக்காரர்களையும் வைத்துச் சிறிதாகத் தொடங்கலாம். குழுவின் உள்கடனிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை, குடிதண்ணீர், பெண்கள் பயப்படாமல் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை. இந்த மூன்றும் இருந்தால் வருகிறவர் அடுத்த முறையும் அங்கேயே நிற்பார். உணவுக் கடைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய மறக்காதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இவற்றைப் பேசுங்கள்:

1. நம் ஊரில் ரோட்டோரத்தில் குழுவோ பஞ்சாயத்தோ பயன்படுத்தக்கூடிய இடம் எது? அது யார் பெயரில் இருக்கிறது?

2. வெளியூரிலிருந்து வாங்காமல், நம் உறுப்பினர்களே செய்து விற்கக்கூடிய ஐந்து பொருட்கள் எவை?

3. கழிப்பறையைத் தினமும் சுத்தம் செய்யும் பொறுப்பு யாருக்கு, அதற்குக் கூலி எவ்வளவு?

4. லாபத்தைப் பிரிப்பது எப்படி? சமைப்பவருக்கு எவ்வளவு, பொருள் கொடுத்தவருக்கு எவ்வளவு, குழுச் சேமிப்புக்கு எவ்வளவு?

பதில்களைத் தீர்மான நோட்டில் எழுதி வைத்து, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டுவாருங்கள். பாதை போடுவது அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. கடை யாருடையது என்பதை நாம் இப்போதே பேசி முடிவு செய்துகொள்வோம்.