இணையத்தில் அந்தரங்கமும் நம்பிக்கையும்

பொருளைப் பிறர் கையிற் கொடுத்தலும், செய்தியைப் பிறர் செவியில் உரைத்தலும் ஒரு தன்மையவே. இரண்டினும், கொடுத்த பின்னர் அது நம் வயத்ததன்று. பெற்றவரது நேர்மையே நமக்குக் காவலாகும். இக்காலத்தே கைப்பேசியை எடுத்துப் பணம் அனுப்புங்காலும், உறவினருடன் உரையாடுங்காலும், வழி தேடுங்காலும், நம் பெயர், இருப்பிடம், கணக்கு, பழக்கம் முதலிய பலவற்றை முகமறியாத ஸ்தாபனங்களிடம் ஒப்புவிக்கின்றோம். அவற்றுள் எதனை, எவரிடம், எவ்வளவு ஒப்புவித்தல் தகும்? இவ்வினா நூதனமாகத் தோன்றினும், காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டினர்க்கு மிகப் பழகியதொன்றாம். ஆதலின் அந்நாட்டு வழக்கத்தினின்றே இதனை ஆராயத் தொடங்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளிற் கொடுக்கல் வாங்கல் நடத்தியமை யாவரும் அறிந்ததே. முதலாளி காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருப்பார். கடை இரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும். ஆங்கே அவர்பொருட்டுப் பணத்தைக் கையாளுபவர் 'மேலாள்' எனப்பட்ட ஏஜெண்டு. இடையே கிடந்ததோ பெருங்கடல். இத்துணைத் தூரத்தை நம்பிக்கை எங்ஙனம் கடந்தது? ஒருவரையொருவர் அறிந்த குடும்பத்தினராயிருந்தது ஒரு காரணம், அஃதொன்றே போதியதாகாது. மேலாள் செய்யத்தக்க காரியம் இன்னதென அதிகாரப் பத்திரம் வரையறுத்தது. அவர் அங்கே இருக்குங் காலம் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. அது முடிந்தவுடன் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்புவித்து ஊர் திரும்புவார். பேரேட்டில் வரவும் செலவும் எழுதி, ஐந்தொகை எடுத்து முதலாளிக்குத் தெரிவித்தல் அவரது கடமை. நோக்கம், தவணை, கணக்கு என்னும் இம்மூன்றாலும் அளக்கப்பட்டதே அந்நம்பிக்கை. அது கண்மூடி நம்புதலன்று.

அந்தரங்கத்தைக் காக்கும் முறையும் அவர்கள்பால் இருந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலிருந்த கிட்டங்கிகளில், ஒரே கூடத்தில் பல கடையினர் அருகருகே பெட்டியிட்டு அமர்ந்து தொழில் நடத்தினர். எனினும் ஒவ்வொருவர் கணக்கும் தனித்தனியாகவே இருந்தது. ஊரிலுள்ள வீடுகளும் அத்தன்மையவே. அயலார் முகப்பளவில் அமர்ந்து பேசுவர், வளவு குடும்பத்தார்க்குரியது, அவ்வளவைச் சூழ்ந்துள்ள அறைகளோ ஒவ்வொரு புள்ளிக்கும் தனியே உரியவை. தம் அறையைப் பூட்டிய தம்பி தமையனை ஐயுற்றான் என்று எவரும் கூறார். பலர் ஒருங்கே வாழ்தற்கு அப்பூட்டே துணை செய்தது. ஆகவே, "குற்றமற்றவனுக்கு மறைவு எதற்கு?" என்று வினவுதல் பொருந்தாது. மறைவு வேறு, கள்ளம் வேறு.

இனி, இணையத்தின்கண் இப்பூட்டு அமைந்துள்ள முறையைக் காண்போம். 1976-ஆம் ஆண்டில் டிஃபி, ஹெல்மன் என்னும் அறிஞர் இருவர், செய்தியை மறைத்து அனுப்பும் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் அக்கருத்தை வேறொரு வகையால் நிறைவேற்றிக் காட்டினர். அதன் சாரத்தைக் கோயில் உண்டியலைக் கொண்டு விளக்கலாம். உண்டியலின் வாய் யாவர்க்கும் பொது. எவரும் காசு இடலாம். திறக்குஞ் சாவியோ உரியவரிடம் மட்டுமே உண்டு. அங்ஙனமே ஒவ்வொருவர்க்கும் வெளிப்படையான எண்ணொன்றும் மறைவான எண்ணொன்றும் அமைகின்றன. முன்னதால் மூடப்பட்ட செய்தியைப் பின்னதை உடையவரே திறக்க இயலும். 2016 ஏப்ரல் முதல் வாட்ஸ்அப் உரையாடல்கள் இவ்வகை முறையைத் தழுவிய பூட்டோடு செல்கின்றன. ஆதலின் இடையில் நிற்கும் அந்நிறுவனமும் அவ்வுரையாடலைப் படித்தல் இயலாது.

எனினும் இதற்கு எல்லையுண்டு. உறையிலிட்ட கடிதத்தைத் தபாற்காரர் படியார். ஆனால் யார் யாருக்கு, எந்நாளில், எத்துணை முறை எழுதினார் என்பதை மேலுறையே அவர்க்குக் கூறிவிடும். இணையத்திலும் செய்தி மறைந்திருக்க, அதன் மேலுறை வெளிப்பட்டுக் கிடக்கின்றது. மற்றுமொன்று: பூட்டு வழியைக் காக்குமேயன்றி, வழியின் முடிவில் நிற்பவர் யோக்கியர் என்று உறுதி கூறாது. வஞ்சகனும் தன் இணையதளத்திற்கு அப்பூட்டைப் பெறலாம். முகவரிக்கு அருகில் தோன்றிய பூட்டுக் குறியை மக்கள் நாணயத்தின் அடையாளமென்று பிழைபட உணர்ந்தமையாலேயே, 2023-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் தன் குரோம் உலாவியினின்று அக்குறியை நீக்கி வேறொன்றை அமைத்தது.

ஆளை அறிதற்கு என் செய்வது? பழைய உண்டிகை வியாபாரத்தில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. உண்டிகை ஒருவர் கையில் வரும். 'இன்னார்க்கு இத்தொகை கொடுக்க' என்று அறிவிக்குங் கடிதம் தனித் தபாலில் வருவதுண்டு. இருவழி வந்த செய்தியும் ஒத்திருப்பின் பணம் கொடுக்கப்படும். இன்று பாங்கு நம் கைப்பேசிக்கு அனுப்பும் ஒருமுறை எண் அத்தகைய இரண்டாம் வழியேயாம். இணையத்தில் அட்டை வாயிலாகச் செலுத்தும் தொகைகட்கு இவ்வாறு இரண்டாவது உறுதி வேண்டுமென்று 2009-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் பாங்கு விதித்தது. அவ்வெண்ணைத் தொலைபேசியிற் கேட்பவனிடம் உரைப்போமாயின், இரு வழியையும் ஒருவனிடமே விட்டவராவோம். 2016-இல் தோன்றிய யூ.பி.ஐ. முறையிலும் பணம் அனுப்புதற்கே இரகசிய எண் வேண்டும். பெறுதற்கு ஒருபோதும் வேண்டுவதில்லை. இவ்வொன்றை அறிந்திருந்தால் பல வஞ்சனைகள் முளையிலேயே கருகும்.

அச்சுறுத்திக் கவர்வாரும் உளர். போலீஸ் உத்தியோகஸ்தர் போன்றும் நீதிபதி போன்றும் வீடியோவில் தோன்றி, "நீர் 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்யப்பட்டீர், வீட்டாரிடமும் சொல்லற்க" என்று முதியோரை மிரட்டிப் பொருள் பறிக்கின்றனர். சட்டத்தில் அத்தகைய கைது இல்லையென்று பிரதம மந்திரியே 2024 அக்டோபரில் வானொலி வாயிலாக அறிவித்தார். மெய்யான அந்தரங்கம் நம்மவரோடு கலந்தாலோசிப்பதைத் தடுக்காது. நம்மவரினின்று நம்மைப் பிரிக்கும் இரகசியம் வஞ்சகனுக்கே உரியது. பொருள் இழந்தவர் தாமதியாது 1930 என்னும் எண்ணிற்கு அறிவித்தால், அப்பணம் கைமாறிப் போகுமுன் நிறுத்தப்படக் கூடும்.

சட்டத்தின் துணையும் நமக்குண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமையென்று 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள், புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-ஆம் ஆண்டில் தனிமனிதர் தகவற் பாதுகாப்புக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் ஆங்கிலச் சொற்கள் நினைக்கத்தக்கன. தகவலுக்குரிய குடிமகனை, ஏஜெண்டை நியமிக்கும் முதலாளிக்கு வழங்கும் சொல்லாலேயே அது குறிக்கின்றது. தகவலைப் பெற்றுப் பயன்படுத்தும் நிறுவனத்தை, நம்பி ஒப்புவிக்கப்பட்டவர் என்னும் பொருள்படப் பெயரிடுகின்றது. எந்நோக்கத்திற்கெனத் தெரிவித்தே சம்மதம் பெறவேண்டும். கொடுத்த சம்மதத்தை மீட்டுக்கொள்ளலாம். நோக்கம் முடிந்தபின், வேறு சட்டம் தடுத்தாலன்றித் தகவலை அழித்தல் வேண்டும் என்பன அதன் கொள்கைகள். அரசாங்கத்திற்கு அதில் அளிக்கப்பட்ட விலக்குகள் மிகையெனக் கூறுவாரும் உளர். அஃதெவ்வாறாயினும், நாம் முதலாளி, அவர்கள் மேலாள் என்னும் நிலையைச் சட்டம் ஒப்புக்கொண்டமை பெரிது.

ஆயின் தன் கணக்கைப் பாராத முதலாளி பெயரளவிலேயே முதலாளி. விளக்கு எரிக்கும் செயலியொன்று நம் உறவினர் எண்களையெல்லாம் கேட்குமாயின், அதன் நோக்கத்தை வினவுதல் வேண்டும். வழிகாட்டுஞ் செயலிக்கு இருப்பிடத்தைக் கூறலாம், பயணம் முடிந்தபின்னும் கூறவேண்டுவதில்லை, அதுவே தவணை. கொடுத்த அனுமதிகளை அவ்வப்போது கைப்பேசியிற் பார்த்து வேண்டாதவற்றை நீக்குதலே கணக்கு.

மாணாக்கர்காள்! உங்கள் இல்லங்களில் ஐயாவும் அப்பத்தாவும் தங்கள் கைப்பேசியை உங்களிடமே தந்து, "நீயே பார்த்துச் செய்யப்பா" என்கின்றனர். அப்பொழுது நீங்களே அவர்களுடைய மேலாட்கள். இரகசிய எண்ணை அவர்களே இடும்படி கற்பியுங்கள். உங்கள் நினைவில் அதனை வைத்துக்கொள்ள வேண்டா. செய்தது இன்னதென்று அவர்கட்கு விளங்கச் சொல்லுங்கள். பிறர் அந்தரங்கத்தில் ஒப்புவித்த காரியத்தை மாத்திரம் முடித்து, சாவியைத் திருப்பிக் கொடுப்பவனே நம்பத்தக்கவன். கடல் கடந்த கடைகளை நிலைநிறுத்திய குணம் அதுவே. கைக்குள் அடங்கிய இக்கருவிக்கும் அதுவே வேண்டும்.