புகையிலைக்கு அஞ்சாத கிருமி

பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் பல்வலி என்றால் பெரியவர்கள் சிலர் இன்றும் ஒரு கிள்ளு புகையிலையைக் கடைவாயில் அடக்கிக்கொள்கிறார்கள். அதன் காரத்துக்குச் சொத்தைப் பல்லில் இருக்கும் பூச்சி செத்துவிடுமாம். அடியோடு தள்ளிவிட முடியாத நம்பிக்கைதான். புகையிலைக் கஷாயத்தைத் தெளித்தால் பயிரில் அசுவினி சாகிறதே! அதைக் கொல்வது நிகோடின், நரம்பைத் தாக்கும் நஞ்சு. ஆனால் பாக்டீரியாவுக்கு நரம்பே கிடையாது.

பல்லைச் சொத்தையாக்குவதில் முதலிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு. நாம் தின்னும் சர்க்கரையிலிருந்தே பிசின் மாதிரி ஒன்றைத் தயாரித்துப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். அந்தப் படலத்துக்குள் கூட்டமாக இருந்துகொண்டு அமிலம் சுரந்து எனாமலை அரிக்கும். 2012இல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகப் பல் மருத்துவ ஆய்வாளர்கள் இதை நிகோடின் கலந்த கரைசலில் வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ச்சி நிற்க மில்லிலிட்டருக்கு 16 மில்லிகிராம் நிகோடின் வேண்டியிருந்தது. புகையிலை மெல்பவரின் எச்சிலில் அவ்வளவு சேராது. அதற்குக் குறைந்த அளவுகளிலோ, நிகோடின் கூடக்கூடப் படலம் தடித்துக்கொண்டே போனது. மருந்தென்று நினைத்து வைத்தது கிருமிக்குத்தான் உதவுகிறது. கோரிமேட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கும்போது இந்த வைத்தியம் எதற்கு?

புகைப்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். ஈறு நோய் முற்றினாலும் அவர்களுக்கு ரத்தம் அதிகம் கசியாது. அதனால் நோய் இருப்பதே தெரியாமல் போகிறது.

காசநோய்க் கிருமிக்கு நிகோடின் செய்யும் உதவி வேறு விதம். மேக்ரோபேஜ் எனப்படும் நுரையீரல் வெள்ளணு, கிருமியை விழுங்கிச் செரித்துவிடக் கூடியது. நிகோடின் பட்ட மேக்ரோபேஜ் விழுங்கினாலும் அதைச் சரியாகக் கொல்வதில்லை, கிருமி உள்ளேயே பெருகுகிறது என்று டென்வர் நகர ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். அது ஆய்வுக்கூடத்துச் செய்தி. நம் பக்கத்துச் செய்தி முன்பே வந்துவிட்டது: திருவள்ளூர் பகுதி ஆண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு நுரையீரல் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. எண்ணிக்கை கூடினால் ஆபத்தும் கூடியது. புகையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் இருப்பதால் பழி முழுவதையும் நிகோடின் தலையில் கட்ட முடியாதுதான்.

அப்படியென்றால் பீடியை விடுவதற்கு டாக்டர் கொடுக்கும் நிகோடின் சூயிங்கம்? அதில் புகை இல்லை; சில வாரங்களில் அளவைக் குறைத்து நிறுத்துவதற்கென்றே தருவது. காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிடுபவர் பீடியையும் அப்படி விட்டுவிடுவது நல்லது. சிகிச்சை முடிந்த பிறகு நோய் திரும்புவதும் புகைப்பவர்களிடம்தான் அதிகம். அதுவும் திருவள்ளூரில் கண்டதே.