மிதிக்கிற காலுக்கு மானியம்!

"ஐயா, முட்டி உயிரை எடுக்குது. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. தரையில உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும்."

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு நாள், இப்படிப் புலம்பிக்கொண்டே என் வைத்தியசாலைக்கு வந்தார் ஒரு சகோதரி. வயது 53. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எடை 74 கிலோ. வெறும் வயிற்றில் சர்க்கரை 186. முழங்காலில் வீக்கம் இல்லை. ஆனால் மடக்கி நீட்டும்போது 'கறகற'வென்று சத்தம். சித்த மருத்துவத்தில் நாங்கள் அழல் கீல்வாயு என்று சொல்கிற மூட்டுத் தேய்மானம், ஆரம்ப நிலையில் இருந்தது.

"தினமும் எவ்வளவு தூரம் நடக்குறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"எங்கய்யா நடக்க? பையன் வண்டியில கொண்டு விட்டுருவான். சாயங்காலம் அவனே வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவான்."

"அதுக்கு முன்னால எப்படிப் போனீங்க?"

அந்த வலியிலும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. "சைக்கிள்தான்யா! நான் புதுக்கோட்டைக்காரி!"

வயதான வாசகர்களுக்கு இந்தப் பதிலின் அர்த்தம் உடனே புரிந்திருக்கும். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய மாவட்ட ஆட்சித் தலைவர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சைக்கிள் ஏறினார்கள். அப்போது 19 வயதில் ஹேண்டில்பாரைப் பிடித்தவர்தான் இந்தச் சகோதரி. கல்யாணமாகி எங்கள் பக்கம் வந்த பிறகும் பல வருடங்கள் ஓட்டியிருக்கிறார். பையன் தலையெடுத்து வண்டி வாங்கினான்; அம்மாவின் சைக்கிள் பழைய இரும்புக்குப் போனது. அடுத்த சில வருடங்களில் எடை ஏறியது, சர்க்கரை வந்தது, முட்டியும் போனது.

தைலம் கொடுத்தேன், பத்தியம் சொன்னேன். "மறுபடியும் சைக்கிள் மிதிங்கம்மா" என்றும் சொன்னேன்.

"ஸ்கூலுக்கு நாலு கிலோமீட்டர். நடுவுல ஒரு மேடு இருக்கு. இந்த முட்டியை வச்சுக்கிட்டு அந்த மேட்டுல ஏற முடியுமாய்யா? கடையில பேட்டரி சைக்கிள் வச்சிருக்கான். முப்பத்தஞ்சாயிரம் சொல்றான். கவர்மெண்டுல இதுக்கு ஏதாச்சும் மானியம் உண்டா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரிக்கத் தொடங்கினேன். தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மோட்டார் இருந்தால் அது உடற்பயிற்சியா?

முதலில் எனக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. பேட்டரி தள்ளும்போது நம் கால் என்ன வேலை செய்யும்?

மின்சார சைக்கிளில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, நாம் மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். கூடவே ஒருவர் பின்னாலிருந்து லேசாகத் தள்ளிக்கொண்டு வருகிற மாதிரி! இன்னொன்று, கைப்பிடியைத் திருகினாலே ஓடும். நம் ஊர்க் கடைகளில் விற்கும் பல சைக்கிள்களில் இரண்டு வசதியும் சேர்ந்தே இருக்கின்றன.

மிதிக்கும் ரகத்தில் கால் சும்மா இருப்பதில்லை. ஏழு ஐரோப்பிய நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியானது. மின்சார சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வாரம் முழுவதும் பெறும் உடலுழைப்பு, சாதா சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பெறுவதற்கு ஏறக்குறையச் சமமாகவே இருந்ததாம்! காரணம் எளிமையானது. சிரமம் குறைவதால் அதிக தூரம் போகிறார்கள். மேடு வந்தாலும், எதிர்க்காற்று அடித்தாலும், வண்டியை மூலையில் சாத்துவதில்லை.

மூட்டு நோயாளிகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு. நடக்கும்போது உடம்பின் முழு பாரமும் முழங்காலில் இறங்குகிறது. சைக்கிளில் அந்தப் பாரத்தின் பெரும் பங்கைச் சீட்டு தாங்கிக்கொள்கிறது. மூட்டு அசைகிறது, தொடைத் தசை பலப்படுகிறது. தொடைத் தசை பலப்பட்டால் முட்டியின் சுமை குறையும்.

பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் சகோதரிக்கு நாலு கிலோமீட்டர் போக, நாலு கிலோமீட்டர் வர. நிதானமாக மிதித்தால் ஒரு பக்கத்துக்குப் பதினாறு நிமிடம். வாரம் ஐந்து நாளுக்கு 160 நிமிடம்! தனியாக 'வாக்கிங்' போக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போய் வருவதே வைத்தியமாகிவிடும்.

பணம் கொடுத்து ஓட்டச் சொன்ன ஊர்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் தலைநகர் டென்வர். அந்நகர மக்கள் 2020-ல் வாக்களித்து, தட்பவெப்பப் பாதுகாப்புக்கென்று தங்கள் மேல் தாங்களே ஒரு சிறு விற்பனை வரியைப் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பணத்திலிருந்து 2022 ஏப்ரலில் மின்சார சைக்கிள் மானியம் தொடங்கியது. யாராக இருந்தாலும் 400 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு 1,200 டாலர். பிள்ளைகளையோ சாமானையோ ஏற்றிச் செல்லும் சுமை சைக்கிள் என்றால் கூடுதலாக 500 டாலர்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. முழு விலையையும் கட்டிவிட்டு, மனு எழுதிப் போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கையில் உள்ள சீட்டைக் கடையில் காட்டினால் அங்கேயே விலை குறைந்தது. ஏழைக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது, அரசுப் பணத்துக்காக அலைந்த ஒவ்வொருவருக்கும் தெரியும்.

முதல் ஆண்டிலேயே நாலாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள். பிறகு வந்த தவணைகள் திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோயின. செலவான மானியத்தில் பாதிக்கு மேல் வருமானம் குறைந்தவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்களை விசாரித்தபோது, வாரத்துக்குச் சராசரியாக 26 மைல், அதாவது சுமார் 42 கிலோமீட்டர் ஓட்டுவது தெரிந்தது. அதில் பெரும் பகுதி முன்பு காரில் போன தூரம். இன்னொரு செய்தியையும் கேளுங்கள். வசதியானவர்களைவிட வருமானம் குறைந்தவர்களே அதிக தூரம் ஓட்டினார்கள்!

42 கிலோமீட்டர் ஓட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மணிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நிமிடத்தில் சொன்னால் 150! புகையைக் குறைக்கக் கொடுத்த பணம், போகிற போக்கில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வைத்தியம் பார்த்துவிட்டது.

வேறு எங்கே?

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் 2024-ல் மின்சார சைக்கிளுக்கு 500 டாலரும், நின்றுகொண்டு போகும் மின்சார ஸ்கூட்டருக்கு 200 டாலரும் கொடுத்தது. அங்கே முதலில் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். பிறகு விண்ணப்பிக்க வேண்டும். ஒதுக்கிய நிதி தீர்ந்ததும் திட்டம் முடிந்தது.

பிரான்ஸ் நாடு 2017-லிருந்து மானியம் கொடுத்து வந்தது. பழைய புகை கக்கும் காரை ஒப்படைத்துவிட்டு மின்சார சைக்கிள் வாங்கினால், வருமானத்தைப் பொறுத்து 3,000 யூரோ வரைகூட ஒரு காலத்தில் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் தேசிய அளவிலான அந்த உதவியை நிறுத்திவிட்டார்கள்.

நம் நாட்டில்? 2022-ல் தில்லி அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முதல் 10,000 மின்சார சைக்கிள்களுக்கு விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 5,500 ரூபாய். முதலில் வாங்கும் 1,000 பேருக்கு மேற்கொண்டு 2,000 ரூபாய். சுமை சைக்கிளுக்கு 15,000 ரூபாய் வரை. மத்திய அரசு 2019-ல் தொடங்கிய ஃபேம் இரண்டாம் கட்டத் திட்டத்தில் மின்சார ஸ்கூட்டருக்கு மானியம் இருந்தது. மின்சார சைக்கிளுக்கு இல்லை.

மோட்டார் 250 வாட்டுக்குள் இருந்து, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டாரின் உதவி நின்றுவிடும் என்றால், அந்தச் சைக்கிள் நம் சட்டப்படி மோட்டார் வாகனமே அல்ல. லைசென்ஸும் வேண்டாம், நம்பர் பிளேட்டும் வேண்டாம். ஓட்டுகிறவருக்கு இது வசதி. ஆனால் நம்பர் பிளேட் உள்ள வண்டிக்கே மானியம் என்றால், மிதிக்கிறவருக்குப் பூஜ்யம்!

வைத்தியனாக என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தபடி போகிற வண்டிக்குத் தருவதைவிட, மிதித்துப் போகிற வண்டிக்கு ஒரு ரூபாயாவது அதிகமாகத் தரவேண்டும். அதுவும் முப்பத்தஞ்சாயிரம் புரட்ட முடியாதவருக்கு முதலில் தரவேண்டும். இன்று சைக்கிளுக்குக் கொடுக்கிற பணத்தில் கொஞ்சமாவது நாளைக்கு மருத்துவமனைச் செலவில் மிச்சமாகும்.

வாங்குவதற்கு முன் கவனியுங்கள்

* தலைசுற்றல், அடிக்கடி மயக்கம், கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு, பார்வைக் குறைவு உள்ளவர்கள், சமீபத்தில் இதய அறுவை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் சைக்கிளில் ஏறக் கூடாது.

* சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் வெறும் வயிற்றில் மிதிக்க வேண்டாம். பையில் நாலைந்து மிட்டாயோ கொஞ்சம் சர்க்கரையோ இருக்கட்டும். கை நடுங்கினால், வியர்த்தால், உடனே இறங்கி வாயில் போட்டுக்கொள்ளுங்கள். சைக்கிள் ஓட்டுகிறோமே என்று மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

* பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சீட்டு தாழ்ந்திருந்தால் முட்டி வலி கூடும்.

* சேலை முந்தானை, துப்பட்டா, வேட்டி எதுவாக இருந்தாலும் சக்கரத்துக்குக் காப்பு போட்டுக்கொள்ளுங்கள். தலைக்கவசம் அவசியம். இந்த வண்டி சாதா சைக்கிளைவிடக் கனமானது. முதல் வாரம் மைதானத்தில் பழகுங்கள்.

* மேட்டில் மட்டும் மோட்டார் உதவியைக் கூட்டுங்கள். சமதரையில் குறையுங்கள். கைப்பிடியைத் திருகியே போனால் பயிற்சி கிடைக்காது. பையன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிற கதைதான்.

* பேட்டரி விஷயத்தில் அலட்சியம் கூடாது. நியூயார்க் நகரில் மின்சார சைக்கிள், ஸ்கூட்டர் பேட்டரிகள் தீப்பற்றி 2023-ல் மட்டும் 18 பேர் இறந்தார்கள். கம்பெனி கொடுத்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். ராத்திரி தூங்கும்போதும், வாசலை அடைத்தாற்போல் வைத்தும் சார்ஜ் போடாதீர்கள். வீங்கிய, அடிபட்ட பேட்டரியைத் தொடவே வேண்டாம்.

* வாங்கும் சமயத்தில் உங்கள் மாநில அரசின் சலுகை ஏதும் நடப்பில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இந்தத் திட்டங்கள் வரும், நிதி தீர்ந்ததும் போகும்.

அந்தச் சகோதரி என்ன ஆனார்?

மானியத்துக்காக இரண்டு மாதம் அலைந்தார். அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கிவிட்டார். "இந்த வயசுல சைக்கிளா?" என்று சிரித்த மகனிடம், "உன்னைச் சுமந்துக்கிட்டே ஓட்டினவடா நான்!" என்றாராம்.

ஆறு மாதம் கழித்து வந்தார். எடை 74-லிருந்து 70. வெறும் வயிற்றுச் சர்க்கரை 138. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார். நான் கொடுத்த தைலத்தையும் தேய்க்கிறார். ஆகவே சைக்கிளுக்கே முழுப் பெருமையையும் கொடுக்க மாட்டேன். முழங்காலில் 'கறகற' சத்தம் இன்னும் இருக்கிறது. தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. ஆனால் அன்றைக்கு என் வைத்தியசாலையின் நாலு படியையும் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறி வந்தார்.

"மேடு ஏறிட்டீங்களாம்மா?" என்றேன்.

"ஏறிட்டேன்யா. கடன்தான் இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கு" என்றார்.

அந்த ஏழு தவணையைத்தான் ஓர் அரசாங்கம் சுலபமாக இறக்கி வைத்திருக்கலாம். முப்பது வருடங்களுக்கு முன்னால் அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டதும் அரசாங்கம்தானே!