அலுகோசு வேலைக்கு நல்லொழுக்கம்

கண்டி ரயில் நிலையத்தில் இறங்கி நகருக்குள் நடப்பவர் கண்ணில் போகம்பரைச் சிறையின் மதில் படாமல் போகாது. 1876ல் வெள்ளைக்காரர் எழுப்பியது. 2014 பிறந்ததோடு அதை மூடிவிட்டு, கைதிகளைப் பல்லேகலையில் உள்ள தும்பர சிறைச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது வீட்டில் அடங்காத பிள்ளைக்கு அந்த மதிலைச் சொல்லித்தான் மிரட்டல். "போகம்பரைக்குத்தான் போவே!"

மதில் எழுவதற்கு முன்பே அந்த இடத்துக்குப் பெயர் கெட்டுவிட்டது. போகம்பரையில் அப்போது ஒரு குளம் இருந்தது. 1814ல் சப்ரகமுவவில் கண்டி அரசனை எதிர்த்த பிரதானி எஹெலேபொல, தப்பி ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தார். மனைவியும் பிள்ளைகளும் கண்டியில் பணயமாக இருந்தார்கள். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கணக்குப் போட்டான்: இந்தக் குடும்பத்துக்கு நேர்வதைப் பார்த்தால் இன்னொரு பிரதானி தலைதூக்க மாட்டான். அந்த வருடம் மே மாதம் தேவாலயங்களுக்கு நடுவே பிள்ளைகளின் தலைகள் வீழ்ந்தன. அண்ணன் அம்மாவைப் பிடித்துக்கொண்டு நடுங்க, தம்பி மத்தும பண்டார தானாக முன்னே வந்து நின்றான் என்பது கண்டி முழுக்கத் தெரிந்த கதை. தாயைக் குளத்தில் அமிழ்த்தினார்கள். இரண்டு நாள் ஊரில் யாரும் அடுப்பு மூட்டவில்லையாம். ஜோன் டேவி என்ற படை மருத்துவர் 1821ல் வந்த தன் புத்தகத்தில் அப்படி எழுதியிருக்கிறார். நம்மவர் வழக்கத்தில் அடுப்பு எரியாத வீடு சாவு வீடு. ஊரே அன்று சாவு வீடாக இருந்திருக்கிறது.

டேவி, கண்டியைப் பிடித்த ஆங்கிலேயரின் படையில் வேலை பார்த்தவர். அரசனை அரக்கனாகக் காட்டுவதில் அவருடைய ஆட்களுக்கு லாபம் இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டே படிக்க வேண்டும். வேலூரில் சிறையிருந்து 1832ல் இறந்த அந்த நாயக்க மன்னனின் சமாதிக்கு நம்மில் சிலர் கடைசித் தமிழ் மன்னன் என்று மாலை போடுகிறார்கள். போடட்டும். போகம்பரைத் தண்ணீரையும் கொஞ்சம் நினைத்துக்கொண்டு போடட்டும்.

நீதித்துறை, பொலிஸ், சிறை என்று வேலைக்கு வருபவர்களுக்கு இன்று அறவியல் பாடம் நடத்துகிறார்கள். அதில் மூன்று கட்சிகள் உண்டு. விளைவு நல்லதானால் செயலும் நல்லது என்பது ஒன்று. விளைவு என்னவானாலும் சில செயல்களைச் செய்யவே கூடாது என்பது இன்னொன்று. இப்படிச் செய்கிறவன் எப்படிப்பட்ட மனிதனாக ஆகிப்போவான் என்று கேட்பது மூன்றாவது. அரசன் நம்பியது முதல் கட்சியை. அந்தத் தராசிலேயே நிறுத்தாலும் அவன் கணக்குத் தப்பு. பிரதானிகள் அடங்கவில்லை; ஆங்கிலேயரோடு சேர்ந்தார்கள். 1815 மார்ச் 2ஆம் தேதி மகுல் மடுவவில் இராச்சியத்தையே எழுதிக்கொடுத்துவிட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் ஆறாம் பிரிவு சித்திரவதையையும் உறுப்புகளை வெட்டுவதையும் அடியோடு தடைசெய்தது. ஆளுநரின் எழுத்து மூலமான கட்டளை இல்லாமல் எவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக்கூடாது என்றது ஏழாம் பிரிவு. வாசிக்கும்போது மனம் குளிரும். ஆனால் அன்றைக்குத்தான் இன்னொன்றும் தொடங்கியது. அதுவரை கொன்றவன் யார் என்று ஊருக்குத் தெரியும், அவன் முகம் தெரியும். அதற்குப் பிறகு கொன்றது ஒரு காகிதம்.

காகிதம் எந்த அளவுக்குக் காப்பாற்றும் என்பதற்கு 1848ஐப் பார்க்கலாம். மாத்தளைக் கிளர்ச்சியை ஒட்டி இராணுவச் சட்டம். குடாபொல தேரர் என்ற பிக்குவுக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சாட்சியம் பொய் என்று விசாரணையைப் பார்த்த கண்டி வழக்கறிஞர்களுக்குப் பட்டது. அரச தரப்புச் சட்ட அதிகாரி ஹென்றி செல்பியிடம் ஓடினார்கள். செல்பி ஆளுநர் டொரிங்டனிடம் போய், கொஞ்சம் தள்ளிப்போடுங்கள், சாட்சியத்தை மறுபடி பார்ப்போம் என்று கேட்டார். ஆளுநர் மசியவில்லை. ஆகஸ்ட் 26ஆம் தேதி தேரரைக் காவி உடையோடு சுட்டார்கள். இலண்டன் பாராளுமன்றம்வரை விவகாரம் போய், 1850ல் டொரிங்டனும் போனார். கண்டியில் நடந்த இத்தனையிலும் எனக்குப் பிடித்த ஆள் செல்பிதான். தன் மேசைக்கு வராத ஒரு கோப்புக்காக எழுந்து நடந்தவர். தோற்றார் என்பது வேறு விஷயம்.

இனி, மதிலுக்கு உள்ளே. 1975 ஆகஸ்ட் 5. மரு சிரா என்று நாடே அறிந்த சிறிபாலவுக்குத் தூக்கு. பல தடவை காவலில் இருந்து தப்பியவர். கடைசி நேரத்திலும் ஏதாவது செய்துவிடுவார் என்ற பயம் சிறையில் இருந்தது. மயக்க மருந்து கொடுத்தார்கள், அளவு மிஞ்சிவிட்டது. காலையில் ஆளுக்கு நினைவில்லை. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். தூக்குக் கயிற்றின் நீளம், நிற்கிற மனிதனின் எடைக்கும் உயரத்துக்கும் கணக்குப் போட்டு வைப்பது. இவரோ பலகைமேல் கிடந்தார். பலகை விலகியபோது விழவேண்டிய ஆழம் விழவில்லை. கழுத்து முறியாமல் மூச்சுத் திணறித்தான் உயிர் போனது. செய்தி வெளியே கசிந்து, விசாரணை வந்தது. மூன்று வருடத்தில் அமரநாத் ஜயதிலக்க அந்தக் கதையை 'சிறிபால ஹா ரன்மெனிக்கா' என்று படமாகவே எடுத்தார்.

இதில் யாரைக் கொலைகாரன் என்பீர்கள்? தீர்ப்பு எழுதியவர் சட்டப்படி எழுதினார். கையொப்பம் இட்டவர் கோப்பைப் பார்த்து இட்டார். மருந்து கொடுத்தவருக்கு அசம்பாவிதம் நடக்கக்கூடாது என்ற கவலை. தூக்கியவர்கள் தூக்கச் சொன்னதைத் தூக்கினார்கள். 1814ல் ஒருவன் செய்த பாவத்தை 1975ல் பத்துப் பேர் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்குக் கிடைத்த பங்கு அவரவர் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குக்கூட இல்லை.

அடுத்த வருடம் ஜூன் மாதத்தோடு நாட்டில் தூக்கு நின்றது. சட்டத்தில் தண்டனை இருக்கிறது, நீதிபதிகள் விதிக்கிறார்கள், நிறைவேற்றுவதில்லை. ஆனால் தூக்கிலிடுகிற அலுகோசு பதவி மட்டும் ஒழியவில்லை. 2014 மார்ச்சில், புதிதாகச் சேர்ந்த ஒருவர் பயிற்சியின்போது முதன்முதலாகத் தூக்குமேடையைப் பார்த்தார்; அதிர்ந்துபோய் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார். 2019ல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன போதைப்பொருள் குற்றவாளிகளைத் தூக்கிலிடக் கிளம்பியபோது மறுபடி விளம்பரம் வந்தது. ஆண், 18 முதல் 45 வயது, மனத்திடம், நல்லொழுக்கம். நூற்றுக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள். நான்கு பேருக்கான கட்டளையில் ஜனாதிபதி கையெழுத்தும் வைத்துவிட்டார்; ஜூலை 5ஆம் தேதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்த நல்லொழுக்கம் என்ற தகுதியை நினைத்து நான் பலநாள் சிரித்திருக்கிறேன். மேடையைப் பார்த்து ஓடினாரே, அவரைவிட நல்லொழுக்கம் உள்ளவர் யாரும் விண்ணப்பித்திருக்க முடியாது.

தூக்கு இல்லை, குளம் இல்லை, போகம்பரையில் கைதிகள்கூட இல்லை. இன்று முடிவுகள் சின்னச் சின்ன அறைகளில் நடக்கின்றன. 1815ல் தடைசெய்த சித்திரவதையை, குறைந்தது ஏழு வருடச் சிறை என்று 1994ல் மறுபடி சட்டம் போட்டுத் தடுக்கவேண்டி வந்ததே, அதுவும் இப்படிப்பட்ட அறைகளுக்காகத்தான்.

அடி உதை இல்லாத அறை ஒன்றைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த தோட்டத்து அண்ணன் ஒருவர், லயத்துத் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் பொலிஸுக்குப் போனார். சார்ஜன்ட் நல்லவர். உட்காரவைத்து பிளேன்டீ கொடுத்தார். அண்ணன் தமிழும் உடைந்த சிங்களமுமாகச் சொன்னதை மளமளவென்று சிங்களத்தில் எழுதினார். வெளியே வந்தவரிடம் கேட்டேன்.

"என்னண்ணே எழுதியிருக்கு?"

"தெரியல தம்பி. ஐயா கையெழுத்துப் போடச் சொன்னாரு, போட்டேன்."

பிறகு பார்த்தால் "தள்ளினேன்" என்று சொன்னது "அடித்தேன்" என்று எழுதப்பட்டிருந்தது. சார்ஜன்டுக்கு வஞ்சனை ஒன்றும் இல்லை. வேலை சீக்கிரம் முடிந்தால் அண்ணனுக்கும் நல்லதுதானே என்று நினைத்திருப்பார். அதே முதல் கட்சிதான், சிறிய அளவில். கடைசியில் மத்தியஸ்த சபையில், பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்று பேர் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பேசவிட்டு முடித்துவைத்தார்கள். 1988ஆம் வருடச் சட்டத்தில் வந்த ஏற்பாடு அது. பழைய ஊர்ச்சபையான கம்சபாவின் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். எல்லாவற்றுக்கும் அப்படி முடிவு வாய்ப்பதில்லை. வாக்குமூலத்தில் விழுந்த ஒரு சொல் நீதிமன்றம்வரை கூடவே வரும்.

நீதிமன்றத்தில் நடப்பது விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பாளர் கேட்க அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை இடம் தருகிறது, செலவு அரசாங்கத்தினுடையது. கேளுங்கள். பொலிஸில் எழுதியதை உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாசித்து முடிக்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.