தில்லிப் பூங்காக்களில் பறவைகள்

பிழைப்பை நாடித் தலைநகர்க்கு வந்த நம்மவர்க்கு முதலில் அறிமுகமாகும் பறவைகள் காக்கை, மாடப்புறா, கரும்பருந்து ஆகியவையே. மனிதர் எறிவதையும் இறைப்பதையும் உண்டு பெருகியவை இவை. பிற பறவைகளைக் காண விழைவோர் விடியற்காலையில் லோதித் தோட்டத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

1936-இல் வில்லிங்டன் சீமாட்டியின் பெயரால் திறக்கப்பெற்று, விடுதலைக்குப் பின் இன்றைய பெயரைப் பெற்ற இத்தோட்டம் ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்புடையது. பழைய கல்லறைச் சுவர்களின் பொந்துகளில் கிளிகள் குடியிருக்கின்றன. அத்தி, ஆல், அரசு பழுக்குங்கால் பச்சைப்புறாவும் குக்குறுவானும் கூடுகின்றன. தவிட்டுக்குருவிகளோ சருகைப் புரட்டிப் பூச்சி தேடுகின்றன. நாள்தோறும் சருகைத் துடைத்தெடுத்துப் புல்வெளியைக் கம்பளம்போல் ஆக்குவது கண்ணுக்கு அழகுதான். குருவிக்கோ அது வெறுந்தரை.

இங்குள்ள சாம்பல் இருவாச்சியின் குடும்ப வாழ்வு வியப்புக்குரியது. கோடைத் தொடக்கத்தில் பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து, தன் எச்சத்தாலேயே வாயிலை அடைத்துக்கொள்கிறது. எஞ்சிய சிறு பிளவின் வழியே ஆண்பறவை வாரக்கணக்கில் பழம் ஊட்டுகிறது. ஆயின், பொந்தைத் தானே குடையும் ஆற்றல் இருவாச்சிக்கு இல்லை. மரம் முதிர்ந்து உளுத்த இடமோ, மரங்கொத்தி விட்டுச்சென்ற துளையோ அதற்கு வேண்டும். பட்ட மரத்தை உடனே வெட்டி அகற்றினால் அவ்வீடு போயிற்று. வைகாசிப் புழுதிப்புயலில் கிளை முறிந்து நடப்போர்மீது விழலாமே என்பீர்கள், உண்மையே. பாதையை விட்டு விலகி நிற்கும் மரங்களையேனும் விட்டுவைக்கலாகாதா?

பருவத்தையும் மனத்திற் கொள்ளுங்கள். பனிக்காலத்தில் இமயத்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் சின்னஞ்சிறு கதிர்க்குருவிகள் வருகின்றன. தை மாதத்தில் குயிலோசையைத் தேடினால் ஏமாற்றமே. வெயில் ஏறிய பின்னரே அது கூவத் தொடங்கும்.

வேடந்தாங்கலை நினைத்து ஏங்குவோர் புராணா கிலாவை அடுத்த விலங்குக்காட்சிச் சாலைக்குச் செல்க. அது 1959-இல் திறக்கப்பெற்றது. மறு ஆண்டே மஞ்சள்மூக்கு நாரைகள் எவரும் அழையாமல் பறந்து வந்து, அதன் குளத்துத் தீவுகளில் கூடு கட்டின. கூண்டுப் பறவைகள் அல்ல அவை. மழைக்காலத்தின் இறுதியில் வந்து, குஞ்சு பொரித்து, பங்குனி வாக்கில் நீங்கும். கூடு கட்டுவது காட்சிச்சாலையில். மீன் பிடிப்பதோ பெரும்பாலும் வெளியே, யமுனைக் கரையிலும் அதனைச் சார்ந்த நீர்நிலைகளிலும். ஆற்றில் சாக்கடை கலக்குமாயின், வேலியிட்டுக் காத்த குளத்திலும் குஞ்சுகள் பசித்திருக்கும்.