அம்மாவின் வட்ட விரிப்பு

அம்மா இறுதியாகக் கொழுக்கியூசியாற் பின்னிய பருத்திநூல் விரிப்பைச் சென்ற மாதம் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதை நிமிர்த்தி முடிக்க அவருக்கு நாள் வாய்க்கவில்லை. பன்னிரண்டு இதழ்களும் சுருண்டு கிடந்தன.

இதற்கென விற்கும் பலகை வேண்டியதில்லை. பழைய அட்டைப்பெட்டித் துண்டுகள் இரண்டை ஒன்றன்மேலொன்றாக ஒட்டினேன். நூலும் பென்சிலும் கொண்டு வட்டம் வரைந்தேன். ஆரையின் அளவாலேயே பரிதி ஆறாகும். ஒவ்வொன்றையும் பாதியாக்கினாற் பன்னிரண்டு. மேலே தெளிந்த பொலித்தீன் தாள்.

விரிப்பை நனைத்துத் துவாயிற் சுருட்டி அழுத்தினேன். முறுக்கிப் பிழிதல் ஆகாது. ஊசிகள் துருவேறாதனவாக இருத்தல் வேண்டும். முன்பொருமுறை இரும்புக் குண்டூசியிட்டு நான் பெற்ற கறைகளைத் தேசிப்புளியும் உப்பும் வெயிலும் சேர்ந்தே போக்கின!

விறைப்பு வேண்டுவோர் சோற்றுக்கஞ்சியை நீர்விட்டு வடித்து நனைக்கலாம். ஆனால் கஞ்சியோடு பெட்டியில் வைத்தாற் பூச்சி அரிக்கும், நான் இடவில்லை. (செயற்கைக் கம்பளிநூலாயின் சூடான இஸ்திரிக்கை படவே கூடாது, நூல் நசிந்துவிடும்.)

நடுவிலிருந்து எதிரெதிராக ஊசியிட்டு வந்தேன். ஒன்பதாம் இதழ் மட்டும் கோட்டைத் தொடவில்லை. எண்ணிப் பார்த்தேன், அம்மா ஒரு கண்ணியைத் தவறவிட்டிருந்தார். இழுத்தால் நூல் அறும். அவ்விடத்தில் ஊசியைச் சற்றே உள்ளே நகர்த்திக் குத்தினேன்.